கென்ட் கையெழுத்தும் நியூ ஆர்லியன்ஸ் சண்டையும்: போர் எப்போது முடிந்தது?

துறைமுகத்தான்:
சென்ற ஞாயிறு நம் குழு நடத்திய வினாடி வினாவில் பேராசான் ஐயா கேட்ட ஏழாம் கேள்வி இது: "போர் முடிந்து 15 நாள் கழித்து நடந்த போர் எது?" அவர் வைத்திருந்த விடை நியூ ஆர்லியன்ஸ். கேள்வியே தவறு என்று எழுதிய எனக்குப் பூஜ்யம் போட்டார். மதிப்பெண் போனதில் வருத்தமில்லை. ஆனால் எங்கும் எல்லோரும் திரும்பத் திரும்பச் சொல்லும் ஒரு பிழை நம் குழுவிலும் முத்திரை குத்தப்பட்டு வெளியே போவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1812-இல் அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் மூண்ட போரை முடிக்க, இன்றைய பெல்ஜியத்தில் உள்ள கென்ட் நகரில் 1814 டிசம்பர் 24 அன்று உடன்படிக்கை கையெழுத்தானது. 1815 ஜனவரி 8 அன்று ஆண்ட்ரூ ஜாக்சனின் படை நியூ ஆர்லியன்ஸுக்கு வெளியே பிரிட்டிஷ் படையை முறியடித்தது. இதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் அந்த உடன்படிக்கையின் பதினோராம் பிரிவு, இரு தரப்பும் எந்த மாற்றமும் செய்யாமல் ஏற்பளித்து, அந்த ஏற்பு ஆவணங்களை வாஷிங்டனில் மாற்றிக்கொண்ட பிறகே இது கட்டுப்படுத்தும் என்று சொல்கிறது. அமெரிக்க செனட் ஏற்பளித்தது 1815 பிப்ரவரி 16. ஆவணங்கள் கைமாறியது 17-ஆம் தேதி இரவு. ஆகவே ஜனவரி 8 அன்று போர் முழு உயிரோடு இருந்தது.

கீரனூர்ப் பேராசான்:
முப்பத்தொரு ஆண்டுகள் வரலாறு கற்பித்தவனுக்கு ஒரு பூஜ்யத்தால் மனம் புண்பட்ட தம்பி பாடம் எடுக்கிறார். மகிழ்ச்சி. நான் ஒன்றே ஒன்று கேட்கிறேன். கையெழுத்து டிசம்பர் 24. சண்டை ஜனவரி 8. இவற்றுள் எது முன்னது, எது பின்னது? நாட்காட்டியைப் புரட்டத் தெரிந்த எவரும் விடை சொல்லலாம்.

வைகைக்கரையாள்:
பேராசான் ஐயா, நாட்காட்டியில் எவருக்கும் ஐயமில்லை. வீடு விற்பதாக ஒப்பந்தம் எழுதி முன்பணம் வாங்கினால் வீடு கைமாறிவிடுமா? கிரயப் பத்திரம் எழுதிப் பதிவு செய்யும் வரை பட்டா பழைய உரிமையாளர் பெயரில்தானே இருக்கும்? அதைத்தான் துறைமுகத்தான் சொல்கிறார். முதலில் "போர் முடிவது" என்பதற்கு நாம் என்ன பொருள் கொள்கிறோம் என்று வரையறுத்துக்கொண்டால் பாதி வாதம் தீர்ந்துவிடும்.

வடமராட்சியான்:
அம்மா சொல்வதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கேள்வியில் "போர் முடிந்து நடந்த போர்" என்று ஒரே சொல் இரண்டு பொருளில் வந்திருக்கிறது. நாங்கள் ஒரு களத்தில் நடக்கும் மோதலைச் சமர் என்போம், ஆண்டுக்கணக்கில் நீள்வதைப் போர் என்போம். "போர் முடிந்த பின் நடந்த சமர்" என்று கேட்டிருந்தால் குழப்பமாவது குறைந்திருக்கும்.

கீரனூர்ப் பேராசான்:
வரையறை, சொல்லாராய்ச்சி எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். வைகைக்கரையாள் அம்மையாருக்கு அவர் மொழியிலேயே விடை சொல்கிறேன். விற்பவர் கையெழுத்திட்டு, வாங்குபவர் கையெழுத்திட்டு, ஒரு தரப்பு பதிவுக் கட்டணத்தையும் கட்டிவிட்ட நிலை அது. கென்ட்டில் கையெழுத்திட்ட சில நாட்களிலேயே, அந்த டிசம்பர் முடியும் முன்பே, பிரிட்டன் தரப்பில் மன்னருக்குப் பதிலாக ஆண்ட இளவரசர் ரீஜண்ட் ஏற்பளித்துவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் தாலியோடு கப்பலேறிய பிறகு, கல்யாணமே நிச்சயமாகவில்லை என்று பெண் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வாதாடுகிறீர்கள். கையெழுத்து டிசம்பர் 24. சண்டை ஜனவரி 8.

ஏட்டுச்சுரைக்காய்:
கப்பல் நடுக்கடலில் இருக்கும்போது முகூர்த்தம் முடிந்துவிட்டது என்று சொல்லும் ஒரே புரோகிதர் நம் பேராசான்தான்.

துறைமுகத்தான்:
ஐயா, கப்பல் என்று நீங்களே சொன்னதால் கப்பலுக்கே வருகிறேன். இருபது ஆண்டுகளாகச் சரக்குக் கப்பல்களின் ஆவணங்களோடு மல்லுக்கட்டுவதுதான் என் பிழைப்பு. பிரிட்டனின் ஏற்பு ஆவணத்தைச் சுமந்த கப்பல் நியூயார்க் துறைமுகத்துக்கு வந்தது 1815 பிப்ரவரி 11. அதற்கு ஒரு வாரம் முன்பே, பிப்ரவரி 4 அன்று, நியூ ஆர்லியன்ஸ் வெற்றிச் செய்தி வாஷிங்டனை எட்டிவிட்டது. மக்கள் காதில் முதலில் விழுந்தது வெற்றி, அடுத்து விழுந்தது சமாதானம். அதனால்தான் "ஜாக்சன் அடித்தார், ஆங்கிலேயன் பணிந்தான்" என்று ஒரு தலைமுறையே நம்பியது. பின்னால் தேதிகளை ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் "அடடா, வீண் சண்டை" என்று மறுகோடிக்குப் போய்விட்டார்கள். இரண்டுமே தவறு.

இன்னொன்று. "எந்த மாற்றமும் செய்யாமல்" என்ற சொற்கள் உடன்படிக்கையில் சும்மா வந்து உட்காரவில்லை. 1806-இல் மன்றோவும் பிங்க்னியும் லண்டனில் கையெழுத்திட்டு அனுப்பிய உடன்படிக்கையை ஜெஃபர்சன் செனட்டின் பார்வைக்கே வைக்காமல் தள்ளிவிட்டார். அமெரிக்கத் தூதர் கையெழுத்தை நம்பி ஒருமுறை சூடுபட்ட பிரிட்டன், இந்த முறை வாஷிங்டனில் காகிதம் கைமாறும் வரை துப்பாக்கியைக் கீழே வைப்பதில்லை என்று முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொண்டது. கையெழுத்து மட்டும் போதாது என்று பிரிட்டனே சொல்லியிருக்கும்போது, பேராசான் ஐயாவுக்கு மட்டும் போதுமாக இருக்கிறது.

கீரனூர்ப் பேராசான்:
நீண்ட கடிதம், ஆனால் என் கேள்விக்கு விடை அதில் இல்லை. எது முன்னது?

தம்பி, நான் உணர்வோடு பேசுகிறேன், நீங்கள் முத்திரைத்தாளோடு பேசுகிறீர்கள். அந்த ஜனவரி 8 காலையில் மூடுபனி விலகியபோது ரோட்ரிகெஸ் கால்வாய்க்குப் பின்னால் இருந்த மண் அரணை நோக்கி நடந்த பிரிட்டிஷ் வீரர்களை எண்ணிப் பாருங்கள். அரணில் ஏற ஏணிகளும், கால்வாயை நிரப்பக் கட்டுக்கட்டான தட்டைகளும் கொண்டுவர வேண்டிய 44-ஆம் படைப்பிரிவு அவற்றை எடுக்காமலே முன்வரிசைக்கு வந்துவிட்டது. அதன் தலைவர் முல்லின்ஸ் பின்னர் படைநீதிமன்றத்தில் நின்றார். ஏணி இல்லாமல் அரணடியில் நின்றவர்கள் மீது துப்பாக்கியும் பீரங்கியும் பொழிந்தன. படைத்தலைவர் பாக்கன்ஹாம் இறந்தார், அவருக்கு அடுத்தவர் கிப்ஸும் இறந்தார். பிரிட்டிஷ் தரப்பில் இறந்தவர், காயமுற்றவர், பிடிபட்டவர் என ஏறக்குறைய 2,000 பேர். அமெரிக்கத் தரப்பில் அன்று இறந்தவர்கள் 13 பேர். இந்த 2,000 பேரிடம் போய், "உங்கள் போர் சட்டப்படி உயிரோடு இருக்கிறது, கவலை வேண்டாம்" என்று பதினோராம் பிரிவைப் படித்துக் காட்டுவீர்களா? அவர்கள் வீணாகச் செத்தார்கள். அதைத்தான் என் கேள்வி சொல்கிறது.

வைகைக்கரையாள்:
வீணாகச் செத்தார்கள் என்பது வேறு, போர் முடிந்த பிறகு செத்தார்கள் என்பது வேறு. முதலாவதை எவரும் மறுக்கவில்லை. கேள்வி இரண்டாவதைத்தான் கேட்டது.

பொள்ளிலூர் வாசி:
பாக்கன்ஹாம் பெயர் வந்ததால் சொல்கிறேன். அவருடைய சகோதரியை மணந்தவர் ஆர்தர் வெல்லெஸ்லி. பின்னாளில் வெல்லிங்டன் கோமகன் ஆன அதே ஆள், 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் மீது படையெடுத்து வந்த கூட்டத்தில் இருந்தவர். அந்தப் போர்களில் பிடிபட்ட மைசூர் ஏவுகணைகளைப் பார்த்துத்தான் இங்கிலாந்தில் காங்கிரீவ் தன் ஏவுகணையைச் செய்தார். அதே ஏவுகணைகளைத்தான் 1814 செப்டம்பரில் பால்டிமோர் துறைமுகத்தின் மெக்ஹென்றி கோட்டை மீது பிரிட்டிஷ் கப்பல்கள் விடிய விடிய வீசின. அந்த நெருப்பைக் கப்பல்தளத்தில் நின்று பார்த்த பிரான்சிஸ் ஸ்காட் கீ எழுதிய வரிகள் 1931-இல் அமெரிக்காவின் தேசிய கீதமாயின. ஆக அமெரிக்க தேசிய கீதத்தில் வரும் ஏவுகணைகளின் செந்நிற ஒளி காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில், 1780-இல் எங்கள் பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படையைத் திணறடித்த ஒளி. இதைப் பற்றி ஒரு கேள்வி கேட்க ஐயாவுக்கு மனம் வரவில்லை.

கீரனூர்ப் பேராசான்:
பொள்ளிலூர்க்காரர் வந்துவிட்டார். பனாமா கால்வாய் பற்றிப் பேசினாலும் பொள்ளிலூருக்கு வந்து சேர்வார் என்று சென்ற ஆண்டே சொன்னேன். பொள்ளிலூரில் ஏவியது ஹைதரின் படையும் திப்புவின் படையும். அதில் "எங்கள்" எங்கிருந்து வந்தது?

பொள்ளிலூர் வாசி:
மண் எங்களுடையது, ஐயா. ஏவுகணை விழுந்த வயலை இன்றும் உழுபவர்கள் நாங்கள். பனாமா பற்றிய இழையில் நீங்கள் தவறான ஆண்டைக் கொடுத்து, நான் திருத்தியபோது நன்றி கூடச் சொல்லாததை நானும் மறக்கவில்லை.

கீரனூர்ப் பேராசான்:
அது தட்டச்சுப் பிழை. நானே திருத்திக்கொண்டேன்.

ஏட்டுச்சுரைக்காய்:
எட்டு நாள் கழித்துத் திருத்தினீர்கள், ஐயா. உங்கள் கணக்குப்படியே எது முன்னது, எது பின்னது?

நெறியாளர்:
பனாமா வேண்டாம். பொருளுக்கு வருக.

துறைமுகத்தான்:
பொருளுக்கே வருகிறேன். பேராசான் ஐயா, உடன்படிக்கையின் முதல் பிரிவையாவது படித்தீர்களா? போரின்போது ஒருவரிடமிருந்து ஒருவர் கைப்பற்றிய இடங்களையும், "இந்த உடன்படிக்கை கையெழுத்தான பிறகு கைப்பற்றப்படக்கூடிய" இடங்களையும் திருப்பித் தர வேண்டும் என்று அதில் இருக்கிறது. கையெழுத்தான பிறகும் சண்டை நடக்கும், இடங்கள் விழும் என்று கென்ட்டில் உட்கார்ந்து எழுதியவர்களுக்கே தெரிந்திருக்கிறது. ஜான் குவின்சி ஆடம்ஸும் ஹென்றி கிளேயும் ஆல்பர்ட் காலட்டினும் இருந்த மேசை அது. எழுதத் தெரியாதவர்கள் எழுதியதல்ல. இரண்டாம் பிரிவு இன்னும் தெளிவு: சண்டையை நிறுத்தச் சொல்லும் ஆணைகள் ஏற்பளிப்புக்குப் பிறகுதான் படைகளுக்குப் போக வேண்டும். லண்டனில் போர்த்துறையைக் கவனித்த பாத்தர்ஸ்ட் பிரபுவும், சமாதானம் என்ற பேச்சு காதில் விழுந்தாலும் ஏற்பளிப்பு உறுதியாகும் வரை நிறுத்தாதே என்றுதான் தெற்கே போன படைத்தலைமைக்கு எழுதியிருந்தார்.

நியூ ஆர்லியன்ஸில் தோற்ற பிறகு அந்தப் படை என்ன செய்தது? வீட்டுக்குப் போகவில்லை. மொபைல் வளைகுடாவுக்குக் கப்பலேறிப் போய், பிப்ரவரியில் போயர் கோட்டையைப் பிடித்தது. போர் முடிந்திருந்தால் யார் எதற்காகக் கோட்டை பிடிப்பார்கள்?

கீரனூர்ப் பேராசான்:
செய்தி வந்து சேராததால் பிடித்தார்கள். இதைத்தானே நானும் சொல்கிறேன்! தந்தி இல்லாத காலம். உங்கள் சான்று என் பக்கம் வந்து உட்காருவதை நீங்களே கவனிக்கவில்லை.

துறைமுகத்தான்:
செய்தி வந்திருந்தாலும் நிறுத்தக் கூடாது என்பதுதான் ஆணை என்று இதற்கு முந்தைய பத்தியில் எழுதினேன். அதைத் தாண்டிக் குதித்துவிட்டீர்கள்.

வைகைக்கரையாள்:
ஜாக்சன் இதை எப்படிப் பார்த்தார் என்பதையும் பார்க்கலாம். வெற்றிக்குப் பிறகும் அவர் நியூ ஆர்லியன்ஸில் படைச்சட்டத்தை நீக்கவில்லை. சமாதானம் வந்துவிட்டது என்ற பேச்சு ஊரெல்லாம் பரவிய பிறகும், அரசின் முறையான ஆணை கைக்கு வரும் வரை போர் போர்தான் என்றார். அதைக் கண்டித்துச் செய்தித்தாளில் எழுதிய சட்டமன்ற உறுப்பினர் லூயாயே என்பவரைச் சிறையில் அடைத்தார். அவரை நீதிமன்றத்துக்குக் கொண்டுவருமாறு ஆணையிட்ட கூட்டாட்சி நீதிபதி டொமினிக் ஹாலையும் பிடித்து ஊருக்கு வெளியே விட்டார். மார்ச் 13 அன்று ஆணை வந்த பிறகுதான் எல்லாம் அடங்கியது. திரும்பி வந்த ஹால் நீதிமன்ற அவமதிப்புக்காக ஜாக்சனுக்கு 1,000 டாலர் அபராதம் விதித்தார், ஜாக்சன் கட்டினார். 1844-இல் காங்கிரஸ் அதை வட்டியோடு திருப்பிக் கொடுத்தது. களத்தில் நின்ற படைத்தலைவருக்கே போர் ஜனவரியில் முடிந்ததாகத் தோன்றவில்லை.

கீரனூர்ப் பேராசான்:
நன்றி அம்மா, நீங்கள் என் வாதத்தை முடித்து வைத்தீர்கள். போர் முடிந்துவிட்டது என்று ஊருக்கே தெரிந்திருந்தது, ஒரு ஜாக்சனைத் தவிர. பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்ற ஓர் ஆளை நீங்கள் சாட்சிக்கு அழைக்கிறீர்கள்.

ஏட்டுச்சுரைக்காய்:
மூன்று கால் முயலைப் பற்றி இந்தக் குழுவில் பேச ஒரு தகுதி வேண்டும். ஐயாவுக்கு அது நிறையவே இருக்கிறது.

வைகைக்கரையாள்:
ஊரில் பேச்சு பரவியது பிப்ரவரி கடைசியிலும் மார்ச்சிலும், ஐயா. ஜனவரி 8-இல் அல்ல. அந்தப் பிடிவாதத்தால் உயிர்களும் போயின. கலகம் செய்ததாகவும் ஓடிப்போனதாகவும் குற்றம் சாட்டப்பட்ட ஆறு டென்னசி நாட்டுப்படையினரை, பிப்ரவரி 21 அன்று மொபைலில் ஜாக்சனின் ஒப்புதலோடு சுட்டார்கள். தங்கள் பணிக்காலம் முடிந்துவிட்டது என்று நினைத்துக் கிளம்பியவர்கள் அவர்கள். நீங்கள் சொல்லும் "வீண் சாவு" என்பதற்கு, பாக்கன்ஹாமின் வீரர்களைவிட இவர்கள்தான் பொருத்தம். ஏனென்றால் அந்த நாளில், பிப்ரவரி 17 கடந்துவிட்டதால், போர் உண்மையிலேயே முடிந்திருந்தது. 1828 அதிபர் தேர்தலில் எதிரிகள் ஆறு சவப்பெட்டிகளின் படத்தை அச்சடித்து ஜாக்சனுக்கு எதிராக வீதிவீதியாகக் கொடுத்தார்கள். அப்படியும் அவர் வென்றார்.

வடமராட்சியான்:
அந்தச் சவப்பெட்டித் துண்டறிக்கை பற்றித் தனியே ஓர் இழை தொடங்கலாம். இந்த விடயம் எனக்குப் புதிது.

கீரனூர்ப் பேராசான்:
தொடங்குங்கள், ஆனால் இங்கிருந்து நழுவ அதைச் சாக்காக வைக்க வேண்டாம். இந்தப் போரே தேதிக் கோளாறில் பிறந்த போர் என்பதை மறந்துவிட்டீர்கள். அமெரிக்கா கோபப்பட்ட முதன்மைக் காரணங்களுள் ஒன்று, கடல் வணிகத்தைத் தடுத்த பிரிட்டனின் மன்ற ஆணைகள். 1812 ஜூன் 18 அன்று அமெரிக்கா போர் அறிவித்தது. அதே வாரம் லண்டனில் அந்த ஆணைகளை விலக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. ஜூன் 23 அன்று விலக்கியே விட்டார்கள். காரணம் மறைந்த பிறகு தொடர்ந்த போர், முடிவு வந்த பிறகு நடந்த சண்டை. என் கேள்வியின் அழகு இதுதான். அதை ரசிக்கத் தெரியாதவர்களுக்காக நான் என்ன செய்ய முடியும்?

துறைமுகத்தான்:
அழகுக்கும் உண்மைக்கும் சம்பந்தமில்லை. மேலும் ஆணைகள் மட்டும்தான் காரணமா? அமெரிக்கக் கப்பல்களில் ஏறி மாலுமிகளைப் பிடித்துப் போய்த் தம் கடற்படையில் வேலை வாங்கிய கொடுமை அப்படியே இருந்தது. ஆணை நீங்கிய செய்தி வந்த பிறகும் அமெரிக்க அதிபர் மேடிசன் போரைத் தொடர்ந்ததற்கு அதுதான் காரணம். இத்தனைக்கும், கென்ட் உடன்படிக்கையில் அதைப் பற்றி ஒரு வரி கூடக் கிடையாது.

கீரனூர்ப் பேராசான்:
ஒரு வரி கூட இல்லாத உடன்படிக்கையைத்தான் வேதம் போல் பிரிவு பிரிவாக ஓதுகிறீர்கள். கையெழுத்து டிசம்பர் 24.

துறைமுகத்தான்:
சரி, ஐயாவின் ஏழாம் கேள்விக்கு உண்மையான விடையை நானே தருகிறேன். கடலில் செய்தி மெதுவாகப் போகும் என்பதால், இரண்டாம் பிரிவு ஒவ்வொரு கடலுக்கும் ஒரு கெடு வைத்தது: அமெரிக்கக் கரையோரம் 12 நாள், வட அட்லாண்டிக்கின் மற்றப் பகுதிகளுக்கு 30 நாள், பூமத்திய கோட்டுக்குத் தெற்கே தொலைவான கடல்களுக்கு 90 நாள் என்று வளர்ந்துகொண்டே போகும். அதனால்தான் பிப்ரவரி 20 அன்று அட்லாண்டிக்கில் மதேராத் தீவுக்கு அருகே கான்ஸ்டிட்யூஷன் என்ற அமெரிக்கக் கப்பல் இரண்டு பிரிட்டிஷ் கப்பல்களைப் பிடித்ததை எவரும் சட்டமீறல் என்று சொல்லவில்லை.

ஆனால் 1815 ஜூன் 30 அன்று, ஜாவாவுக்கும் சுமத்ராவுக்கும் இடையே சுண்டா நீரிணையில், பீகாக் என்ற அமெரிக்கக் கப்பல் கிழக்கிந்தியக் கம்பெனியின் நாட்டிலஸ் என்ற சிறு கப்பலை மறித்தது. சமாதானம் ஆகிவிட்டது என்று நாட்டிலஸின் தலைவர் லெப்டினன்ட் பாய்ஸ் சொல்லிப் பார்த்தார். அமெரிக்கத் தலைவர் வாரிங்டன், அப்படியானால் கொடியை இறக்கு என்றார். பாய்ஸ் இறக்கவில்லை. பீகாக் சுட்டது, சிலர் செத்தார்கள், பாய்ஸ் ஒரு காலை இழந்தார். மறுநாள் ஆவணங்களைப் பார்த்துவிட்டு வாரிங்டன் கப்பலைத் திருப்பிக் கொடுத்தார். பிப்ரவரி 17-இலிருந்து 90 நாளை எண்ணுங்கள். மே 18-இல் கெடு முடிகிறது. ஜூன் 30 என்பது எந்தக் கணக்கிலும் போருக்குப் பிந்தியது. போர் முடிந்த பின் நடந்த மோதல் வேண்டுமென்றால் இது இருக்கிறது. நியூ ஆர்லியன்ஸ் அல்ல.

பொள்ளிலூர் வாசி:
கம்பெனிக் கப்பல் என்றால் அதில் நம்மவர்கள் இருந்திருப்பார்கள்.

கீரனூர்ப் பேராசான்:
ஒரே ஒரு சிறு கப்பல், சில நிமிடத் துப்பாக்கிச் சத்தம். இதைப் "போர்" என்று வினாடி வினாவில் கேட்டால் குழு முழுவதும் என்னைச் சிரிக்கும். நான் கேட்டது 15 நாள். டிசம்பர் 24-உடன் 15-ஐக் கூட்டினால் ஜனவரி 8 வருகிறது. ஜூன் 30 வராது.

துறைமுகத்தான்:
கேள்வியில் தப்பை வைத்துவிட்டு, அந்தத் தப்பையே அளவுகோலாக வைத்து விடையை அளக்கிறீர்கள்.

கீரனூர்ப் பேராசான்:
அளந்தாகிவிட்டது. உங்கள் பூஜ்யம் பூஜ்யமாகவே இருக்கும். வரும் ஞாயிறு இரண்டாம் சுற்று; தலைப்பு லூயிசியானா விற்பனை. முன்கூட்டியே சொல்கிறேன், அதிலும் நான் கேட்கப்போவது கையெழுத்திட்ட தேதியைத்தான்.

ஏட்டுச்சுரைக்காய்:
1803 ஏப்ரல் 30 என்றுதானே உடன்படிக்கையில் இருக்கிறது? அந்தத் தேதியைப் போட்டு உண்மையில் மை வைத்தது மே மாதத் தொடக்கத்தில் என்பதையும் கொஞ்சம் பார்த்து வையுங்கள், ஐயா.

கீரனூர்ப் பேராசான்:
யார் சொன்னது?